சீலம்பூருக்குப் போகாத கணினி

தில்லியின் அலுவலகங்களில் பல ஆண்டுகள் உழைத்த கணினிகள் ஒருநாள் பழையன என்று கழிக்கப்படுகின்றன. அவற்றை மொத்தமாக வாங்கும் வணிகர் இரண்டு வழிகளில் ஒன்றில் அனுப்புவர். நல்ல நிலையில் உள்ளவை தெற்குத் தில்லியில் கல்காஜியை அடுத்த நேரு பிளேஸ் சந்தையை அடையும். எஞ்சியவை யமுனைக்கு அப்பால் உள்ள சீலம்பூரை அடையும்.

தில்லி மெட்ரோவின் முதல் தடம் 2002 டிசம்பரில் திறக்கப்பட்டபோதே சீலம்பூர் அதில் ஒரு நிலையமாயிற்று. எனினும் அவ்விடத்தை நாடறியச் செய்தது மின்னணுக் கழிவைப் பிரிக்கும் தொழிலே. செம்பை எடுப்பதற்காக அங்கு மின்கம்பிகள் எரிக்கப்படுவதுண்டு. சுற்றுப்பலகைகள் அமிலத்தில் இடப்படுவதுண்டு. நெகிழி எரியும் புகையில் நச்சு உண்டு; பற்றாசில் ஈயம் உண்டு. வெறுங்கையால் இவ்வேலையைச் செய்வோருள் சிறுவரும் இருப்பது பலமுறை செய்தியாகியுள்ளது. பதிவு பெற்ற நிலையங்களே இப்பணியைச் செய்ய வேண்டும் என்கின்றன 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள். ஆயினும் வாசலில் குரல் கொடுக்கும் கபாடிவாலாவிடம் கொடுத்த கணினி எங்குச் செல்கிறது என்று யாரும் பின்தொடர்ந்து பார்ப்பதில்லை. கபாடிவாலாவின் கடையைத் தமிழ்நாட்டில் காயலான் கடை என்பர்.

கழிக்கப்படும் கணினி உண்மையில் பழுதானதா? பல வேளைகளில் இல்லை. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 இயங்குவதற்கு இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2013இல் வெளிவந்த நான்காம் தலைமுறை ஐ5 செயலி நான்கு கருக்களுடன் இன்றும் குறையின்றி இயங்கக்கூடியது. ஆனால் புதிய இயங்குதளம் அதை ஏற்பதில்லை. உடல் நலமாக இருக்க, உடுப்பு மட்டும் பொருந்தாமற் போன நிலை இது.

அவ்வுடுப்பை மாற்றித் தருவது லினக்ஸ். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர் இதன் கருவை எழுதி வெளியிட்டார். யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம் என்னும் உரிமத்தின்கீழ் அது வளர்ந்தது. திருட்டு மென்பொருள் வட்டுகளுக்கு ஒருகாலத்தில் பெயர்பெற்றிருந்த நேரு பிளேசில் இவ்வுரிமத்தின் அருமை நன்கு விளங்கும். இங்குப் படியெடுத்தல் களவன்று.

இனி, நேரு பிளேசில் வாங்கிய அல்லது உறவினர் அலுவலகத்திலிருந்து கிடைத்த பழைய கணினி ஒன்றை விளையாட்டுக் கணினியாக மாற்ற விரும்பும் மாணவன் ஒருவனைக் கருதுக. புதிய விளையாட்டுக் கணினியின் விலை எளிதில் அரை இலட்சத்தைத் தாண்டும். அவ்வளவு தர அவன் வீட்டில் வழியில்லை.

முதல் வேலை தூசு தட்டுதல். தில்லியின் புழுதி விசிறியிலும் வெப்பம் கடத்தும் தகட்டிலும் கம்பளிபோல் படிந்திருக்கும். அதை நீக்கி, செயலியின்மேல் காய்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினாலே பாதி நோய் தீரும். தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறிய மின்கலத்தையும் மாற்ற வேண்டும். அது தீர்ந்திருந்தால் கணினியின் கடிகாரம் பிழையான நாளைக் காட்டும். நாள் பிழையானால் இணையதளங்கள் பல திறக்க மறுக்கும். இச்சிறு காரணம் அறியாமல் கணினியையே பழித்தோர் பலர்.

அடுத்து, சுழலும் வன்தட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்த வேண்டும். செலவிடும் பணத்துக்கு மிகுந்த பயன் தருவது இம்மாற்றமே. நினைவகம் 8 ஜி.பி. இருப்பது நன்று, 4 ஜி.பி. அட்டைகள் இரண்டை இணையாகப் பொருத்தினால் ஒற்றை அட்டையைவிட விரைவு கூடும். இவ்வகைக் கணினி டி.டி.ஆர்.3 அட்டையையே ஏற்கும். டி.டி.ஆர்.4 அட்டையில் வெட்டு வேறிடத்தில் அமைந்திருப்பதால் அது உட்செல்லாது.

கடினமான கேள்வி கிராபிக்ஸ் அட்டையைப் பற்றியது. கடைக்காரர் பெரிய அட்டை ஒன்றை எடுத்துக்காட்டி, மலிவு என்பார். வாங்குமுன் மின்சாரக் கணக்கைப் போட வேண்டும். அலுவலகக் கணினியின் மின்வழங்கி 240 வாட் அளவினதாக இருக்கலாம். ஐ5-4570 செயலிக்கு 84 வாட் எனக் கொள்க. தாய்ப்பலகையின் பொருத்துவாய் ஓர் அட்டைக்கு மிகுதியாகத் தருவது 75 வாட். அதற்கு மேல் வேண்டும் அட்டைக்குத் தனி இணைப்புக் கம்பி வேண்டும். அலுவலகக் கணினியில் பெரும்பாலும் அக்கம்பி இராது. ஆகவே 50 வாட்டில் இயங்கும் ஆர்.எக்ஸ். 550, 75 வாட்டில் இயங்கும் ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. போன்ற அட்டைகளே இங்குப் பொருந்தும். பெட்டி ஒடுக்கமானதாயின் அட்டையின் உயரத்தையும் அளந்துகொள்ள வேண்டும். ஏ.எம்.டி. அட்டைகளுக்கான இயக்கி லினக்ஸின் கருவிலேயே அடங்கியிருப்பதால் முதன்முறை முயல்வோர்க்கு ஆர்.எக்ஸ். 550 எளிது. கண்முன் இயக்கிக் காட்டாத அட்டைக்குப் பணம் தரலாகாது. மின்வழங்கியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரித்தல் கூடாது. மின்னிணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

லினக்ஸ் மின்ட் போன்ற பதிப்பு ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். திரை, ஒலி, இணையம் மூன்றும் சரியெனில் நிறுவலாம்.

விண்டோசுக்காக எழுதப்பட்ட விளையாட்டு லினக்சில் எவ்வாறு ஓடும்? வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் இதற்கு உதவுகிறது. விளையாட்டு விண்டோஸ் மொழியில் கேட்பதை அது உடனுக்குடன் லினக்சுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிறது. இத்தகைய இருமொழியாளரை முன்பு துபாஷி என்றனர். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கும் தில்லியின் காய்கறி வண்டிக்காரருக்கும் இடையில் நின்று தமிழ்ச் சிறார் செய்யும் வேலையும் இதுவே. படத்தைத் தீட்டும் பணிக்குப் புரோட்டான் வல்கன் என்னும் இடைமுகத்தைப் பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறைச் செயலியின் உள்ளே அமைந்த கிராபிக்ஸ் பகுதி வல்கனை முழுமையாக அறியாது. தனி அட்டை தேவைப்படுவது அதனால்தான்.

எல்லா விளையாட்டும் ஓடும் எனச் சொல்வது பொய். வாலரண்ட், ஃபோர்ட்நைட் ஆகியவை லினக்சில் ஓடா; ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளே இடையில் நிற்கிறது. நண்பர் அனைவரும் அவற்றையே ஆடுவராயின் ஏமாற்றம் பெரிதுதான். மறுபுறம், சூப்பர்டக்ஸ்கார்ட் என்னும் பந்தய விளையாட்டு விலையின்றிக் கிடைக்கிறது. ஜீரோ ஏ.டி. என்னும் போர் விளையாட்டும் அவ்வாறே. அதில் மௌரியராக யானைப்படை நடத்தலாம்.

லினக்சுக்குத் தமிழகத்தோடும் உறவு உண்டு. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் இயங்குகிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்க்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது. ஊரில் மாமன் வீட்டுப் பரணில் அவற்றுள் ஒன்று இன்னும் இருக்கக்கூடும். தன்னார்வலர் பலர் ஊதியமின்றி மொழிபெயர்த்ததால் லினக்ஸ் திரையைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்போது கோப்பு, திற, சேமி என்னும் சொற்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும்.

சொற்பொருள்

இயங்குதளம் – ஆப்பரேட்டிங் சிஸ்டம். செயலி – பிராசசர். கரு – செயலியில் கோர், லினக்சில் கெர்னல். தாய்ப்பலகை – மதர்போர்டு. வன்தட்டு – ஹார்டு டிஸ்க். மின்வழங்கி – பவர் சப்ளை. இயக்கி – டிரைவர். நெகிழி – பிளாஸ்டிக். பற்றாசு – உலோகத் துண்டுகளை ஒட்டவைக்கும் உலோகம். பரண் – வீட்டுக் கூரையின்கீழ்ப் பொருள் வைக்கும் தட்டு.

பயிற்சி

1. மின்வழங்கி 240 வாட். செயலிக்கு 84 வாட், ஆர்.எக்ஸ். 550 அட்டைக்கு 50 வாட். பிற உறுப்புகளுக்கு எஞ்சுவது எவ்வளவு?

2. ‘இங்குப் படியெடுத்தல் களவன்று’ – இத்தொடரின் காரணத்தை இரண்டு வரிகளில் எழுதுக.

3. பிரித்து எழுதுக: களவன்று, சுற்றுப்பலகை, அவ்வுடுப்பை.

4. வீட்டில் பயன்படாமல் கிடக்கும் மின்னணுப் பொருள் ஒன்றைப் பெற்றோருடன் பார்த்து, அதில் பழுதானது எது, நன்றாக உள்ளது எது எனத் தமிழில் குறிப்பு எழுதுக.