பல கூறாய் நடக்கும் பரீட்சை

விழா மலருக்கு எம்மிடம் எதிர்பார்க்கப்படுவது ஓர் இலக்கணக் கட்டுரையே என்பதை அறிவோம். ஆயினும் எம்மிடம் தமிழ் கற்றுச் சென்ற பழைய மாணவருள் ஒரு சாரார் இன்று கணினிக்கு நிரல் எழுதும் தொழிலில் உள்ளனர். மேல்வகுப்பு மாணவர் பலரும் அதனையே நாடுகின்றனர். அத்தொழிலில் நாள்தோறும் நிகழும் ஒரு பரீட்சையைப் பற்றித் தமிழிற் சில கூறப் புகுந்தோம்.

நிரலின் சிறு பகுதியைத் தனியே எடுத்துச் சோதிப்பது ஒரு வகை. பொதுமகன் ஒருவன் செய்வதுபோலவே தளத்தைத் திறந்து, பெயர் பதிந்து, பொத்தானை அழுத்தி, முடிவு திரையில் தோன்றும்வரை முழுவழியும் சென்று பார்ப்பது மற்றொரு வகை. பின்னதனை 'எண்ட்-டு-எண்ட் டெஸ்ட்' என்பர். முழுவழிச் சோதனை என யாம் வழங்குவோம். இங்கே உலாவியை இயக்குவதும் ஒரு நிரலே. 2004 இல் சிக்காகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் இதற்கு வழிகாட்டிற்று. 2020 இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட பிளேரைட் இன்று பெரிதும் வழங்குகின்றது. இச்சோதனை பயனுடையது, ஆயின் மெதுவானது.

இனி, 'மொனோரெப்போ' என்பது யாது? ஒரு நிறுவனத்தின் பல செயலிகளையும் அவற்றுக்குப் பொதுவான பகுதிகளையும் ஒரே களஞ்சியத்தில் வைத்தலாம். கூகிள் நிறுவனத்தின் களஞ்சியம் 2015 இல் ஏறத்தாழ 200 கோடி வரி நிரலைக் கொண்டிருந்தது. அத்துணைத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. 2005 இல் நிறுவப்பெற்றுக் கொழும்பிலிருந்து வளர்ந்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம், தன் அடையாளச் சேவைக்குரிய 'கொன்சோல்', 'மை அக்கவுண்ட்' என்னும் இரு செயலிகளையும் அவற்றின் பொதுப்பகுதிகளையும் ஒரே களஞ்சியத்தில் யாவரும் பார்க்க வைத்துள்ளது. பொதுப்பகுதியில் ஒரு பொத்தானை மாற்றினால் இரு செயலிகளையும் சோதிக்கவேண்டும். ஒரு செயலிக்கே உரிய பக்கத்தை மாற்றினால் மற்றதன் சோதனையை அப்போதைக்கு விடலாம். எது எதனைச் சார்ந்தது என்று முதலிற் கணித்து, வேண்டியவற்றை மட்டும் ஓட்டுவதே முதற்சிக்கனம். அவ்வாறு விடப்பட்டவற்றையும் சேர்த்து இரவில் ஒருமுறை முழுவதும் ஓட்டுதல் நன்று. சார்புக் கணிப்பும் தவறக்கூடியதே.

எஞ்சியவற்றைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்து ஒரே வேளையில் ஓட்டுவது அடுத்தது. ஒவ்வொரு மாற்றமும் சேருமுன் தானாக இயங்கும் சோதனை வரிசையாகிய 'சி.ஐ. பைப்லைன்' இதனைச் செய்கின்றது. 2011 இல் மும்பையில் தோன்றிய பிரவுசர்ஸ்டாக், இவ்வாறு ஓட்டுதற்கு உலாவிகளையும் கருவிகளையும் வாடகைக்கு அளித்தே வளர்ந்தது.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். சோதனைகள் 120, ஒன்றுக்கு அரை நிமிடம், ஆக 60 நிமிடம். ஒவ்வொரு கணினியையும் ஆயத்தஞ் செய்ய 5 நிமிடம் வேண்டும் எனக் கொள்க. ஒரு கணினியாயின் 65 நிமிடம். நான்காயின் 20. பன்னிரண்டாயின் 10. ஆனால் கட்டணம் கணினி ஓடும் நிமிடத்துக்கன்றோ? முதலாவதில் 65, இரண்டாவதில் 80, மூன்றாவதில் 120 நிமிடம் செலவாகும். எத்தனை கணினி சேர்த்தாலும் அந்த 5 நிமிடம் குறையாது. 1967 இல் ஜீன் அம்டால் எடுத்துரைத்த வரம்பு இதுவே. எம் மன்னார்த் தீவினருக்கு இது எளிதில் விளங்கும்: லொறிகளை எத்தனை கூட்டினாலும் பெருநிலத்துக்குச் செல்லும் தெருப்பாலம் ஒன்றே. ஆகவே கணினிகளைக் கூட்டுமுன் ஆயத்த வேலையைச் சுருக்குக. பகிரும்போது எண்ணிக்கையைப் பாராது காலத்தைப் பார்க்க. விடைத்தாள் திருத்துவோர் இதனை அறிவர்; கட்டுரைத்தாள் நூறும் பலவுள் தெரிவுத்தாள் நூறும் ஒரே வேலையாகா.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. இரு சோதனைகள் ஒரே பயனர் கணக்கில் நுழைகின்றன என்க. ஒன்று கடவுச்சொல்லை மாற்றுகின்றது; அதே கணத்தில் மற்றது பழைய சொல்லோடு வாயிலில் நின்று தோற்கின்றது. நிரலிற் பிழை இல்லை. பரீட்சை நடத்திய முறையிலேயே பிழை. வரிசையாக ஓடியபோது மறைந்திருந்தது இணையாக ஓடும்போது வெளிப்படும். ஆதலின் ஒவ்வொரு சோதனைக்கும் தனிப் பயனர், தனித் தரவு அமைத்தல் வேண்டும்; முன்னையது விட்டுச்சென்றதைப் பின்னையது நம்புதல் கூடாது.

காரணமின்றி ஒருமுறை தேறி ஒருமுறை தோற்கும் சோதனைகளும் உள. தம் சோதனை ஓட்டங்களில் ஏறத்தாழ 1.5 சதவீதம் இத்தகையன எனக் கூகிள் பொறியாளர் 2016 இல் தெரிவித்தனர். சிறு தொகை எனத் தோன்றும். எம் 120 சோதனைகளுக்கும் அவ்வீதத்தைக் கொண்டு பெருக்கினால், நூறு ஓட்டத்தில் ஏறத்தாழ 16 மட்டுமே பொய்யான தோல்வியின்றி முடியும்! நாளடைவில் எச்சரிக்கையை எவரும் மதியார். மெய்யான பிழையும் அக்கூட்டத்தோடு வெளியேறிவிடும். மறுமுறை ஓட்டித் தேறச் செய்வது எளிய வழி. அதனை யாம் முற்றாக விலக்கவில்லை. ஆயின் மறுமுறை தேறியவற்றின் பெயரைக் குறித்துவைத்துக் காரணந் தேடாதவிடத்து அது மருந்தாகாது.

தமிழாசிரியர் என்ற உரிமையில் ஒன்று வேண்டுகின்றோம். தனித்தனிப் பயனரைப் படைக்கும்போது 'டெஸ்ட் ஒன்று', 'டெஸ்ட் இரண்டு' என ஆங்கில எழுத்திலேயே பெயரிடுவது வழக்கம். சிலவற்றுக்கேனும் தமிழ்ப்பெயர் இடுக. 'கொ' என்னும் எழுத்தின் கொம்பையும் காலையும் யூனிக்கோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றை ஒருநிலைப்படுத்தாத நிரல், ஒருவகையிற் பதிந்த 'கொற்றவை'யை மறுவகையிற் தேடினால் இல்லை என்னும். தன் பெயரைப் பிழையறத் தந்தும் பதிவேட்டில் அதைக் காணாது அலுவலக வாயிலில் நிற்பவள் நம்மவளாகவே இருப்பாள். அப்பெயரை இரு வகையிலும் பதிந்து தேடும் சோதனைக்கு அரை நிமிடம் போதும்.