கடல் கடந்த செவிலியரின் பதவி உயர்வு

கேள்வி: இங்கிலாந்து மருத்துவமனைகளில் நம் செவிலியருக்குப் பதவி உயர்வில் சமத்துவம் உண்டா?
– ஒரு வாசகி, ஆவூர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: சட்டத்தில் உண்டு, அனுபவத்தில் இன்னும் பூரணமாகவில்லை. 1948-இல் தேசிய சுகாதார சேவை தோன்றிய பின்னர், கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் அங்கே பயிலச் சென்ற யுவதிகளில் அநேகர், மேற்பதவிகளுக்கு வழிவகுக்கும் மூன்றாண்டுப் பயிற்சி மறுக்கப்பட்டு, தாய்நாட்டில் பெரும்பாலும் அங்கீகாரம் பெறாத இரண்டாண்டுப் பயிற்சியில் சேர்க்கப்பட்டு, நெடுங்காலம் கீழ்நிலையிலேயே நிறுத்தப்பட்டது மன்னிக்கத் தகாத அநீதி என்றே கருதுகிறேன். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும், பணி நியமனங்களை இனவாரியாகக் கணக்கிட்டு வெளியிடச் சொல்லும் 2015-ஆம் ஆண்டு விதிமுறையும் பதவி உயர்வில் இன்னும் நீடிக்கும் குறையைப் பகிரங்கமாக்கியுள்ளன. அச்சேவையில் செவிலியருக்குப் பெரும்பாலும் ஐந்தாம் ஊதியப் படிநிலையிலேயே பணி தொடங்கும் என்பதால், அடுத்த உயர்வான ஆறாம் படிநிலைக்கு வேண்டிய தகுதிகளை முதலாண்டிலேயே எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். தொழிற்சங்கத்திலும் அவசியம் சேருங்கள்.