வீட்டிலேயே மல்லிகை அத்தர்: ஸ்பிரிட் வேண்டாம், எண்ணெய் போதும்

பெருநாள் நெருங்கினால் நம் வள்ளூர் வீடுகளில் அத்தர் பேச்சு வந்துவிடும். வீட்டிலேயே செய்ய விரும்பும் சகோதரிகளே, தொழிற்சாலைப் பக்கம் உதிரியாகக் கிடைக்கும் ஸ்பிரிட்டை இதற்கு வாங்காதீர்கள். அதில் மெத்தனால் இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த கள்ளச்சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். குடித்தால் மட்டுமல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உடலில் சேரும், கண்பார்வையைக் கெடுக்கும். வாடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அத்தருக்கு ஸ்பிரிட்டே தேவையில்லை. உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில் பூவைச் செம்புப் பானையில் நீரோடு காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். நமக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். மல்லிகை பறித்த பிறகும் மலர்ந்து மணம் விடும். அதை எண்ணெய் பிடித்துக்கொள்ளும்.

செய்முறை:

1. ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் 100 மில்லி வாசனை நீக்கிய தேங்காய் எண்ணெய் ஊற்றுங்கள்.
2. தண்ணீர் தெளிக்காத மல்லிகை மொட்டுகளை மாலையில் காம்பு நீக்கிப் போட்டு மூடுங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம்.
3. மறுநாள் மாலை வடிகட்டி, புதுப் பூ போடுங்கள். ஏழு நாள் இப்படியே செய்யுங்கள்.
4. மெல்லிய துணியில் வடித்து, சிறு குப்பியில் வெயில் படாமல் வையுங்கள்.

மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவி ஒருநாள் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் பூசலாம். மணம் கடை அத்தரைவிட மென்மையாகவே இருக்கும். விற்க நினைப்பவர்கள் அழகுப் பொருள் தயாரிப்பு உரிமம் பெற்ற பிறகே தொடங்குங்கள்.