இறால் ஓட்டை ட்ரில்லிங் மட்டுக்கு விற்கப் போகிறீர்களா?

தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ இறால் கம்பெனிக்குப் பின்னால் நாறிக் கிடக்கும் ஓட்டைக் காட்டி, “இதில் கைட்டோசான் எடுத்து எண்ணெய்க் கிணற்றுக்கு விற்கலாமே” என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பொய் இல்லை. கிணறு துளைக்கும்போது உள்ளே சுற்றவிடும் சேற்றின் நீர் பாறைக்குள் கசியக் கூடாது, களிப்பாறை ஊறிச் சரியவும் கூடாது. இரண்டுக்கும் பாலிமர் வேண்டும்; ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் ஒரு பாலிமர்தான், அதைக் கொண்டும் செய்யலாம். மெஷின் விற்பவர் சொல்லாமல் விடுவது ஒன்றுதான்: சாதாரண கைட்டோசான் அமிலத்தில் கரையும், சேறோ காரம். போட்ட பணம் முங்குவது இங்கேதான்.

செய்ய வேண்டியவை

• இன்றே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கடையில் வாங்கிய கைட்டோசானில் 1 கிராமை 100 மில்லி வினிகரில் கரையுங்கள், கொழகொழவென்று வரும். கையுறை போட்டுக்கொண்டு, அதில் காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெள்ளைத் திரளாகப் பிரிந்துவிடும். கிணற்றிலும் இதேதான் நடக்கும். சேற்றின் பி.ஹெச். பெரும்பாலும் 9-க்கு மேல் இருக்கும், கைட்டோசானோ 6.5-ஐத் தாண்டினாலே கரைந்து நிற்காது.

• கார்பாக்ஸிமெத்தில் கைட்டோசானை இலக்காக வையுங்கள். காரத்திலும் கரையும் என்பதால் சேற்றுக்குப் பொருந்துவது இதுதான். இதைச் செய்ய இன்னொரு ரசாயனப் படி உண்டு. அந்தச் செலவை முதல் நாளே கணக்கில் எழுதுங்கள்.

• ஓட்டை உரித்த அன்றே ஐஸில் போடுங்கள், அல்லது காய வையுங்கள். நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் அழுக ஆரம்பித்துவிடும். லாட்டுக்கு லாட் தரம் மாறும்.

• நண்டு ஓட்டையும் இறால் ஓட்டையும் தனித்தனியாக வையுங்கள். நண்டில் சுண்ணாம்பு அதிகம், ஆசிட்டும் அதிகம் குடிக்கும்.

• ஆசிட் கணக்கைப் போட்டுவிட்டுப் பிறகு விலை பேசுங்கள். 1 கிலோ கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏறத்தாழ 2.4 கிலோ வேண்டும். அதன் பிறகு புரதம் நீக்க காஸ்டிக், கடைசியில் ஓட்டில் மிஞ்சும் கைட்டினைக் கைட்டோசானாக்க 40–50 சதவீதக் காஸ்டிக்கில் பல மணி நேரச் சூடு. ஓடு இலவசமாகக் கிடைக்கலாம்; மற்றது எதுவும் இலவசமில்லை.

• சேற்றிலேயே போட்டுப் பாருங்கள். 350 மில்லி தண்ணீரில் 22.5 கிராம் பென்டோனைட் கலந்து ஊறவிடுங்கள், உங்கள் பொடியைச் சேருங்கள், ஏ.பி.ஐ. வடிகட்டியில் 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 30 நிமிடம் வையுங்கள். வடிந்த நீர் குறைந்தால் சரக்கு தேறும். பக்கத்திலேயே ஸ்டார்ச், பி.ஏ.சி. (பாலி அனயானிக் செல்லுலோஸ்) போட்ட சேற்றையும் அளந்துவிடுங்கள், ஏனென்றால் வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். சேற்றை 16 மணி நேரம் சூட்டில் உருட்டியெடுத்த பிறகும் வடியும் நீரின் அளவு அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள்.

• கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்திடம் கேளுங்கள். ஓட்டிலிருந்து கைட்டின், கைட்டோசான் எடுக்கும் முறையில் பல காலமாக வேலை செய்கிறார்கள். தரகர் பேச்சை நம்புவதைவிட இது மேல்.

• சாலைக்கு அடியில் கேபிள், கேஸ் குழாய் பதிக்கும் ஹெச்.டி.டி. கான்ட்ராக்டர்களைப் போய்ப் பாருங்கள். அவர்களும் பென்டோனைட் சேறு கலக்குகிறார்கள். எண்ணெய் கம்பெனி டெண்டருக்குக் காத்திருக்கிற நேரத்தில் சின்ன ஆர்டரும் ஆர்டர்தான்.

செய்யக்கூடாதவை

• கைட்டோசானை ஆசிட்டில் கரைத்து நேராக பென்டோனைட் சேற்றில் ஊற்றாதீர்கள். அதற்கு நேர்மின்னேற்றம், களிமண்ணுக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் கட்டிக்கொண்டு திரளும்; சேறு தயிர் திரிந்தாற்போல் ஆகிவிடும். அழுக்குத் தண்ணீரைத் தெளியவைக்க இதே குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

• மூடிய அறையில் ஆசிட் வேலை செய்யாதீர்கள். ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட் 1 கிலோ கரைந்தால் சுமார் 240 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். நுரை பொங்கித் தொட்டி வழிவது ஒரு பக்கம், மூச்சு முட்டுவது இன்னொரு பக்கம். ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும்.

• காஸ்டிக்கை அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதீர்கள்: பாத்திரம் கரையும், ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும்.

• காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதித்து முகத்தில் அடிக்கும். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். ஆசிட்டுக்கும் இதே கதைதான்.

• கார்பாக்ஸிமெத்தில் படியை வீட்டுக் கொட்டகையில் முயலவே முயலாதீர்கள். அதற்கு வேண்டிய மோனோகுளோரோ அசிட்டிக் ஆசிட் தோலில் பட்டாலே உயிரைப் பறிக்கக்கூடியது. கெமிக்கல் இன்ஜினீயரும் முறையான யூனிட்டும் இல்லையென்றால் கைட்டோசானோடு நின்று, அதை வேறு சந்தையில் விற்றுவிடுங்கள்.

• கழிவு நீரை வாய்க்காலிலோ உப்பாற்றிலோ விடாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வாங்காமல் தொட்டியே கட்டாதீர்கள். சீல் வைத்துவிட்டுப் போனால் போட்ட பணம் அங்கேயே நிற்கும்.

• ‘மக்கும் பொருள்’ என்பதை மட்டும் சொல்லி விற்காதீர்கள். மக்கும் என்றால் சேற்றுக் குழியிலிருக்கும் பாக்டீரியாவும் தின்னும் என்றுதான் அர்த்தம். எந்தக் கிருமிக்கொல்லியோடு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பார்கள், பதிலோடு போங்கள்.

• மருந்துத் தரக் கைட்டோசானின் விலையைப் பார்த்து லாபம் கணக்கிடாதீர்கள். இங்கே உங்களுக்குப் போட்டி ஸ்டார்ச்சும் சி.எம்.சி.யும் (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்), இரண்டுமே மலிவு.

• காவிரி டெல்டாவில் புதுக் கிணறுகள் வரும் என்று திட்டம் போடாதீர்கள். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அங்கே புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தைத் தடுக்கிறது.

• திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளையும் வாடிக்கையாளர் பட்டியலில் எழுதாதீர்கள். கடினப் பாறையைக் காற்றடித்துச் சுத்தியலால் துளைக்கும் வண்டி அது. அதற்குச் சேறே வேண்டாம்.