செம்பாசிக்குள் மறைந்திருக்கும் பச்சை

நம்பிக்கை: பச்சையாக இல்லாத கடற்பாசியில் பச்சையம் கிடையாது, ஆகவே அது ஒளிச்சேர்க்கை செய்வதில்லை.

உண்மை: மன்னார் வளைகுடாத் தீவுகளையொட்டிப் பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் செம்பாசி இனத்தவை. அகர் எடுக்கப் பயன்படும் இவற்றில், வேப்பிலையில் உள்ள அதே வகைப் பச்சையம் இருக்கிறது. ஃபைகோஎரித்ரின் என்னும் சிவப்பு நிறமி அதை மறைத்து நிற்பதால்தான் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்நிறமி நீரில் கரையக்கூடியது என்பதால், செம்பாசியை நன்னீரில் நெடுநேரம் ஊறவிட்டால் அதன் செல்கள் சிதைந்து தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அதுவரை ஒளிந்திருந்த பச்சையும் பாசியில் வெளிப்படும்.

அந்தச் சிவப்பை வெறும் சாயம் என்று ஒதுக்குவது பெருந்தவறு. பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் நன்கு உறிஞ்சுமேயன்றிப் பச்சை ஒளியைக் குறைவாகவே உறிஞ்சும். கடல்நீரோ சிவப்பு ஒளியின் பெரும்பகுதியை முதல் சில மீட்டர் ஆழத்திலேயே விழுங்கிவிடுகிறது. எஞ்சிய ஒளியில், ஏறத்தாழ 500 முதல் 570 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சைப் பகுதியை ஃபைகோஎரித்ரின் பிடித்து, வரிசையில் நிற்பவர்கள் குடத்தைக் கைமாற்றுவதுபோல, ஃபைகோசயனின், அல்லோஃபைகோசயனின் ஆகிய நீல நிறமிகளின் வழியாக, வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் பச்சையத்திடம் சேர்க்கிறது. அவ்வாற்றலைப் பெற்ற பச்சையம் ஓர் எலக்ட்ரானை இழக்க, அந்த எலக்ட்ரானின் பயணத்திலிருந்தே உணவு தயாரிப்பதற்கான வேதியாற்றல் உருவாகிறது.

நம்பிக்கை: செம்பாசி ஆழத்துக்கும் பச்சைப் பாசி கரையோரத்துக்கும் உரியவை.

உண்மை: நீரில் எஞ்சும் ஒளிக்கேற்ற நிறமுடைய பாசியே அந்தந்த ஆழத்தில் வளரும் என்று ஜெர்மானிய உடலியலாளர் எங்கல்மன் 1883இல் முன்வைத்த கருத்திலிருந்து கிளைத்த நம்பிக்கை இது. மிக ஆழத்தில் வாழ்வன சில செம்பாசிகளே என்பது மெய்தான். ஆயினும் நூறு மீட்டருக்கும் கீழே பச்சைப் பாசிகளும் வாழ்கின்றன, மரிக்கொழுந்தோ இடுப்பளவு நீரிலுள்ள பவளக்கற்களில்கூட ஒட்டி வளர்கிறது. அலையின் வேகம், பற்றிக்கொள்ளும் தரை, மேயும் மீன்கள், உடலின் தடிமன் ஆகியவையும் ஒரு பாசியின் இடத்தைத் தீர்மானிக்கின்றன. மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் என்ற செம்பாசியில் பழுப்பு, பச்சை, சிவப்பு நிற வகைகள் உண்டு. நிறத்தைக் கொண்டு இனத்தையே முடிவுசெய்ய இயலாதபோது ஆழத்தை முடிவுசெய்வது எங்ஙனம்?

நம்பிக்கை: தாவரம் வெளிவிடும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருகிறது.

உண்மை: பச்சையம் இழந்த எலக்ட்ரானை ஈடுசெய்ய நீர் மூலக்கூறு பிளக்கப்படுகையில் வெளியேறுவதே அந்த ஆக்சிஜன். எடை மிகுந்த ஆக்சிஜன்-18 அணுக்களைக் கொண்டு 1941இல் ரூபன், கேமன் குழுவினர் இதற்குச் சான்று தந்தனர்.

இராமநாதபுரம் மாவட்டப் பள்ளிகளில் ஒளிச்சேர்க்கைப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள், செம்பருத்தி இலையோடு நின்றுவிடாமல், புதிதாகக் கரையொதுங்கிய செம்பாசி ஒன்றையும் கண்ணாடிக் குவளை நன்னீரில் இட்டு மாணவர்களுக்குக் காட்ட வேண்டும்.