பெருகிய வளையல்கள்

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்திற்கும் அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தவாறு அமைந்தது மம்சாபுரம் என்னும் ஊர். அவ்வூரில் என் பாட்டியார் வாழ்ந்த வீட்டின் நிலைவாயிலில் கண்ணாடித் தோரணம் ஒன்று தொங்கிற்று. சிவப்பும் பச்சையும் நீலமுமான சிறு வளையங்களை ஒன்றனுள் ஒன்றாகக் கோத்த சரங்கள் அதில் இருந்தன. காலைக் கதிர் பட்டால் திண்ணையெங்கும் வண்ணப் புள்ளிகள் ஆடும். காற்று வீசினால் கலகலவென ஒலி எழும். அத்தனையும் உடைந்த வளையல்கள்.

‘உடைந்த’ என்று எழுதிவிட்டேன். பாட்டியார் கேட்டிருந்தால் கடிந்திருப்பார். தாலிச்சரடு அற்றால் ‘பெருகிற்று’ என்பது நம் நாட்டு வழக்கு. வளையல் உடைந்தாலும் அவ்வாறே ‘பெருகிற்று’ என்பார் அவர். இதனை இலக்கண நூலார் மங்கலம் என்னும் தகுதி வழக்காகக் கொள்வர். ஒரு வளையல் மூன்று துண்டானால் அம்மூன்றும் தோரணத்தில் மூன்று வளையங்கள் ஆயின. ஆதலின் அச்சொல் அவர் கையில் மெய்ச்சொல்லாகவே ஆயிற்று.

அவர் செய்த முறை எளிது. வளையல் துண்டை இடுக்கியாற் பற்றி, அதன் நடுப்பகுதியை விளக்குச் சுடரின் மேல் காட்டுவார். கண்ணாடி பனிக்கட்டிபோல் சட்டென்று உருகுவதன்று. வெப்பம் ஏற ஏற மெல்ல இளகி வளையும் இயல்புடையது. அது வளையத் தொடங்கியதும் முந்தைய வளையத்தை அதனுள் மாட்டி, இரு முனைகளும் கூடுமாறு மடக்குவார். ஆறியபின் அது பழைய உறுதியைப் பெறும். படிந்த கரியைச் சாம்பலால் துடைத்துவிடுவார்.

ஆடிப்பூரத் தேர்த் திருவிழா முடிந்த சில நாட்களில், தெருப்பெண்கள் வளையல் துண்டுகளை முந்தானையில் முடிந்து கொணர்வர். பாட்டியார் இளமையிலேயே கணவரை இழந்தவர். அந்நாளைய வழக்கப்படி அதன்பின் அவர் கையில் வளையல் ஏறவில்லை. அது கொடிய வழக்கு என்பதே என் கருத்து. அவர் அதுபற்றி எம்மிடம் ஒருநாளும் பேசியதில்லை. பச்சை வளையல் துண்டு கிடைத்தால் மட்டும் நெடுநேரம் கையிலேயே வைத்திருப்பார்.

வளையல்களுக்குப் புகலிடம் கிடைத்தது. கண்ணாடிப் புட்டிகளுக்கோ கிடைக்கவில்லை. உடைந்த சோடாப் புட்டியிலிருந்து கோலியை நாங்கள் எடுத்துக்கொள்வோம். எஞ்சிய சில்லுகள் கண்மாய்க்குப் போகும். ஒரு கோடையில் என் பள்ளித்தோழன் வற்றிய கண்மாயில் மீன் பிடிக்க இறங்கினான். உள்ளங்காலில் சில்லு ஆழப் பாய்ந்தது. இரண்டு திங்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஆண்டுத் தேர்வையும் இழந்தான். கண்ணாடி மரம்போல் மக்குவதில்லை. இரும்புபோல் துருவேறி உதிர்வதுமில்லை. அச்சில்லை எறிந்தவர் யாவர் என்பது இன்றுவரை தெரியாது. நானாகவும் இருக்கலாம்.

இத்தகைய கழிபொருள்களையே தேடித் தேடிச் சேர்த்தவர் ஒருவர் வடநாட்டில் இருந்தார். நேக் சந்த் என்பது அவர் பெயர். 1947-இல் நாடு பிரிந்தபோது தம் ஊரை இழந்து வந்தவர். சண்டிகர் நகரில் சாலைப் பணி மேற்பார்வையாளராய் அமர்ந்தார். புதிய நகரம் எழும்பியபோது குவிந்த உடைந்த பீங்கானையும் வளையல்களையும் மிதிவண்டியில் ஏற்றிச் சென்று, அரசுக்குரிய காட்டு நிலத்தில் எவரும் அறியாமல் பாவைகள் சமைத்தார். 1975-இல் அதிகாரிகள் அதனைக் கண்டனர். இடித்துத் தள்ளியிருக்கலாம், நல்லகாலமாக 1976-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அது ‘பாறைப் பூங்கா’ என வழங்குகிறது. அங்கே வளையல் துண்டுகளையே ஆடையாக உடுத்த பெண்பாவைகள் வரிசையாக நிற்கின்றன.

மாணவர்களே, புட்டியை வெட்டி விளக்குக்கூடு செய்வாரும் உளர். மண்ணெண்ணெயில் நனைத்த நூலைச் சுற்றிக் கொளுத்திக் குளிர்நீரில் அமிழ்த்துவர். சூட்டால் விரிந்த இடம் திடீரெனச் சுருங்குதலால் புட்டி அங்கே பிளக்கும். நினைத்த கோட்டிலேயே பிளக்கும் என்பதற்கு உறுதியில்லை. நீங்கள் அதனைச் செய்யற்க. வெட்டாத புட்டியே போதும்: நன்கு கழுவி, பசை தடவி, அடியிலிருந்து சணல் நூலை நெருக்கமாகச் சுற்றினால் பூச்சாடியாகும்.

என் வீட்டுச் சன்னலில் அத்தகைய புட்டி ஒன்றில் கொடி வளர்கிறது. அதன் கழுத்தில், பாட்டியாரின் தோரணத்தில் எஞ்சிய ஒரு சரத்தைச் சுற்றியிருக்கிறேன். அச்சரத்தில் பச்சை வளையங்கள் 11 உள்ளன.