திறந்த வெளியும் அடுத்தவர் மூச்சும்

(ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர், ஆலய அறங்காவலர்)

ஆலயத்திற்குச் செல்பவர் புறத்தூய்மையும் அகத்தூய்மையும் உடையவராய்ச் செல்ல வேண்டும் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நீராடி, தோய்த்துலர்ந்த ஆடை அணிந்து, திருநீறு தரித்து, வாசலில் கால் கழுவி உள்ளே செல்கின்றோம். மூலஸ்தானத்திற்கு முன்னே ஒருவர் சிகரெட் பற்ற வைத்ததாக எவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் அதே அடியார் வாசலைத் தாண்டி வெளிவீதிக்கு வந்ததும், தேர்முட்டி ஓரத்திலோ அன்னதான வரிசையிலோ நின்று புகைப்பதை நாம் ஒரு குறையாக எண்ணுவதில்லை. "இது வெளிதானே" என்று சொல்லி விடுகின்றோம்.

வெளி என்றால் குற்றமில்லையா? திறந்த பொது இடங்களிலும் புகைத்தலைத் தடை செய்ய வேண்டுமா? பல நாடுகளில் விவாதிக்கப்படும் இக்கேள்வி எமது ஆலய வீதிக்கும் உரியதே. எதிர்வரும் பொதுக்கூட்டத்தில் இது பற்றித் தீர்மானம் ஒன்று வரவிருப்பதால், அடியார்கள் முன்கூட்டியே சிந்திப்பதற்காக இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

எமது நாட்டுச் சட்டம்

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை இலங்கை 2003ஆம் ஆண்டிலேயே அங்கீகரித்தது. அதனைத் தொடர்ந்து 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபை அமைக்கப்பட்டது. இச்சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். ஆகவே "கடைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்கி வா தம்பி" என்று மகனை அனுப்பும் தந்தை, கடைக்காரரைக் குற்றவாளியாக்குகின்றார். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சிகரெட் பெட்டியின் 80 வீதமான பரப்பில் நோயின் படம் இருக்க வேண்டும்.

பொது இடங்களைப் பொறுத்தவரை இச்சட்டம் தடை செய்வது மூடப்பட்ட இடங்களில் புகைப்பதையே. அலுவலகம், வைத்தியசாலை, பாடசாலை போன்றவற்றின் உட்புறம் இதில் அடங்கும். பெரிய ஹோட்டல்கள், 30 பேருக்குக் குறையாமல் அமரக்கூடிய உணவகங்கள், விமான நிலையம் ஆகியவற்றில் தனியாக ஓர் இடம் ஒதுக்கவும் இடமளிக்கப்பட்டுள்ளது. ஆனால் கூரையும் சுவரும் முடிகின்ற இடத்தில் இத்தடையும் முடிந்து விடுகின்றது. பஸ் வரிசை, வைத்தியசாலை வாசல், பாடசாலை விடும் நேரத்து வீதி, கோயில் வெளிவீதி ஆகியன சட்டத்தின் கைக்கு எட்டாதவையாக நிற்கின்றன.

2006இற்கு முன்னர் அரச அலுவலகங்களில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கோப்புகளுக்கு அருகிலேயே சாம்பல் தட்டு இருக்கும். சட்டம் வரப்போகின்றது என்றபோது, "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்றுதான் பலரும் சிரித்தார்கள். ஆனால் சாம்பல் தட்டுகள் மேசைகளை விட்டு மறைந்தன. ஒருவரையும் பொலிஸார் இழுத்துச் செல்லவில்லை. வழக்கம் மாறும் என்பதற்கு இது நாம் கண்கூடாகக் கண்ட சான்று.

புகை எங்கே போகின்றது?

புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. அவற்றுள் எழுபது வரையில் புற்றுநோயை உண்டாக்குபவை. புகையிலையினால் ஆண்டுதோறும் உலகில் 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கின்றனர். அவர்களுள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாம் புகைக்காமல், பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள் என்பதுதான் வேதனை. 1981ஆம் ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த ஹிராயாமா என்ற அறிஞர், புகைக்காத 91,540 மனைவிமாரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த முடிவை வெளியிட்டார். கணவர் அதிகமாகப் புகைக்கும் வீடுகளில், புகைக்காத மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது.

இவை பெரும்பாலும் வீட்டுக்குள்ளே, வேலைத்தலத்துக்குள்ளே நிகழ்பவை. வெளியில் காற்று புகையைக் கலைத்துவிடும் என்பதும் உண்மைதான். அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திறந்த வெளியில் கருவி வைத்து இதனை அளந்து பார்த்தனர். புகைப்பவரிடமிருந்து இரண்டு மீற்றருக்கு அப்பால் சென்றால் புகை பெரிதும் குறைந்து விடுகின்றது. சிகரெட் அணைந்ததும் காற்று விரைவில் தெளிந்து விடுகின்றது. ஆனால் காற்று வீசும் பக்கத்தில் அரை மீற்றர் தூரத்தில் இருப்பவருக்கு, அந்தச் சில நிமிடங்களில், மூடிய அறைக்குள் இருப்பதற்கு ஒப்பான அளவு புகை சேர்கின்றது.

இந்த ஆய்விலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஓர் இடம் திறந்ததா மூடியதா என்பது மட்டும் கேள்வியல்ல. பக்கத்தில் நிற்பவர் இரண்டு மீற்றர் விலகிப் போக முடியுமா, முடியாதா என்பதே கேள்வி.

கண்டி நகரை நினைத்துப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்குப் பஸ் வரிசையில் நிற்கும் கர்ப்பிணிப் பெண் எங்கே விலகுவார்? விலகினால் இடம் போய்விடும். எசல பெரஹரா காலத்தில் வீதியோரம் பாய் விரித்து, மதியம் தொடக்கம் இரவு வரை தோளோடு தோள் உரச அமர்ந்திருக்கும் குடும்பங்கள் எங்கே எழுந்து போவார்கள்? எமது தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்பவர், பால்குடம் சுமப்பவர், காவடிக்குப் பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்து நடப்பவர் எங்கே விலகுவார்? வானம் திறந்திருந்தாலும் இவர்களுக்கு அது மூடிய அறைதான்.

இன்னொன்றும் உண்டு. அதிகாலையில் எமது வெளிவீதியில் அங்கப்பிரதட்சணம் செய்யும் அடியார்கள் வெறும் மேனியுடன் மண்ணில் புரண்டு வருகின்றார்கள். பெண்கள் அடியழிக்கின்றார்கள். அந்த மண்ணில் முதல் நாள் இரவு வீசப்பட்ட சிகரெட் துண்டுகள் கிடப்பது தகுமா? சிகரெட்டின் அடிப்பஞ்சு உண்மையில் பஞ்சே அல்ல. அது ஒருவகைப் பிளாஸ்டிக் நார். இலகுவில் மக்காது.

அயலில் நடந்தவை

1999ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் திகதி கேரள உயர் நீதிமன்றம், பொது இடங்களில் புகைப்பது அரசியலமைப்பு தரும் உயிர் வாழும் உரிமைக்கு விரோதமானது எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை வழங்கிய இரு நீதியரசர்களுள் ஒருவர் தமிழரான ஏ.ஆர். இலட்சுமணன். அடுத்து 2001ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றமும் நாடு முழுவதற்கும் கட்டளை பிறப்பித்தது. 2003ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் பொது இடம் என்பதற்கு விளக்கம் கூறும்போது திறந்த வெளியை விட்டுவிட்டது. ஆனால் 2008 ஒக்டோபர் 2ஆம் திகதி, காந்தி ஜயந்தியன்று நடைமுறைக்கு வந்த விதிகள், மக்கள் கூடும் திறந்த அரங்கு, விளையாட்டரங்கு, புகையிரத நிலையம், பஸ் தரிப்பிடம் போன்றவற்றைத் தடைக்குள் கொண்டுவந்தன. திறந்த வெளி முழுவதையும் அவர்கள் தடுக்கவில்லை. மக்கள் கூடும் திறந்த வெளியைப் பிரித்தெடுத்துத் தடுத்தார்கள்.

நியூயோர்க் நகரம் 2011ஆம் ஆண்டில் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் தடை விதித்தது. சிங்கப்பூர் 2019 ஜனவரி 1 முதல் ஓர்ச்சாட் வீதிப் பகுதியைப் புகையற்ற வலயமாக்கி, புகைப்பவர்களுக்கெனக் குறித்த இடங்களை ஒதுக்கிக் கொடுத்தது. மெக்சிக்கோ 2023இலும் பிரான்ஸ் 2025 ஜூனிலும் கடற்கரை, பூங்கா போன்ற இடங்களில் தடையைக் கொண்டுவந்தன.

மறுபக்கத்து நியாயங்கள்

தடை வேண்டாம் என்பவர்களின் பேச்சையும் நாம் செவிமடுக்க வேண்டும்.

"என் உடம்பு, என் காசு, என் விருப்பம்" என்பது முதலாவது. தன் உடம்பை மட்டும் தொடும் செயலுக்கு இது பொருந்தலாம். இழுத்த புகையைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ள எவராலும் முடியாது.

"கண்டியைச் சுற்றி மலை. வாகனப் புகை வெளியேற வழியின்றி நகரத்திலேயே தங்குகின்றது. அதனை விட்டுவிட்டு ஒரு சிகரெட்டையா பிடிப்பது?" என்பது இரண்டாவது. வாகனப் புகையைக் குறைக்கப் பெரும் பணமும் திட்டமும் வேண்டும். அதற்கும் குரல் கொடுப்போம். ஆனால் கையில் உள்ள சிகரெட்டை ஒதுக்கிப் பிடிக்க ஒரு சதமும் செலவில்லை.

மூன்றாவது நியாயமே என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. வசதி உள்ளவர் தன் வீட்டு மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ புகைப்பார். தோட்டத் தொழிலாளிக்கு இருப்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா. அதற்குள்தான் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளின் பாடப் புத்தகமும். வெளியில் எங்கும் புகைக்கக் கூடாது என்று சட்டம் போட்டால், அவர் அந்தக் காம்பராவுக்குள்ளேயே பீடியைப் பற்ற வைப்பார். வீதியில் கலைந்து போயிருக்க வேண்டிய புகை, தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் நெஞ்சில் சேரும். தண்டப் பணமும் ஏழைக்கே பாரமாகும்.

ஆதலால் திறந்த வெளி அனைத்தையும் மூடும் முழுத்தடை நன்மையை விடத் தீமையையே செய்யக்கூடும். விலகிப் போக முடியாதபடி மக்கள் நெருங்கி நிற்கும் திறந்த இடங்களில் தடை வேண்டும். ஆளில்லாத வெளியில் தனித்து நின்று புகைப்பவரை விட்டுவிடலாம். அவருக்கு வேண்டியது புத்திமதியும் வைத்தியமும்.

எமது வழக்கங்கள்

புகையிலை எமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கடை ஒரு காலத்தில் தென்னிலங்கையிலும் மலையகத்திலும் பேர்பெற்று விளங்கியது. தோட்டங்களில் முனியாண்டி சுவாமிக்குச் சுருட்டு வைத்துக் கும்பிடும் வழக்கமும் உண்டு. "சாமியே சுருட்டுக் குடிக்குது, எங்களை ஏன் தடுக்கிறீங்க?" என்று இளைஞர் சிலர் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. சுவாமிக்குப் படைப்பது முன்னோர் வழிவந்த நேர்த்தி. அது ஆண்டுக்கொரு முறை, ஓர் இடத்தில் நடப்பது. அதனைச் சாட்டாக வைத்து அன்றாடம் நாம் புகைப்பதற்கு அந்தச் சுவாமி பொறுப்பாளியல்லர்.

"கோயிலிலும் சாம்பிராணி, கற்பூரப் புகைதானே?" என்ற கேள்வியும் எழும். மூடிய மண்டபத்தில் மிகுதியாகச் சேரும் எந்தப் புகையும் நெஞ்சுக்கு நல்லதல்ல. ஆகவே பூசை வேளையில் பக்கக் கதவுகளைத் திறந்து வைப்பதும், கற்பூரத்தை அளவோடு கொளுத்துவதும் எமது கடமை. பிறருக்குச் சொல்ல முன் நாமும் செய்து காட்டுவோம்.

அகிம்சை என்பது கொல்லாமை மட்டுமன்று. பிற உயிருக்கு அறிந்து துன்பம் செய்யாதிருத்தலும் அதனுள் அடங்கும். மூச்சை நெறிப்படுத்துவதைத் தவமாகவே போற்றியது எமது யோக மரபு. அத்தகைய மூச்சைப் பிறருக்குக் கெடுக்காதிருத்தலும் வழிபாடே.

நாம் செய்யக்கூடியவை

பொதுக்கூட்டத்தின் சிந்தனைக்குப் பின்வருவனவற்றை முன்வைக்கின்றேன்.

1. கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை வெளிவீதி, தேரோடும் வீதி, அன்னதான வரிசை, தண்ணீர்ப் பந்தல் ஆகியன புகையற்ற இடங்களாக அறிவிக்கப்படல்.

2. புகைக்காமல் இருக்க இயலாதவர்களுக்காக, சனம் நெருங்காத ஓர் ஒதுக்குப்புறத்தில் மணல் வாளியுடன் ஓர் இடம் ஒதுக்கப்படல்.

3. தண்டமோ ஏச்சோ கூடாது. "அண்ணே, இங்க சின்னப் பிள்ளைங்க நிக்குறாங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்களேன்" என்று தொண்டர்கள் தன்மையாகச் சொன்னால் போதும். வயதில் மூத்தவரிடம் மூத்த தொண்டரே பேச வேண்டும்.

4. திருவிழாக் கடைகளில் சிகரெட், பீடி, சுருட்டு விற்பதில்லை என்ற நிபந்தனையுடன் இடம் வழங்கல்.

5. புகைத்தலை விட விரும்புவோருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் வைத்தியரையும் அழைத்து, மே 31ஆம் திகதி புகையிலை ஒழிப்புத் தினத்தையொட்டி ஆலய மண்டபத்தில் ஆலோசனைக் கூட்டம் நடத்தல்.

நாட்டுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் எமக்கில்லை. ஆயினும் எமது வீதியில் எப்படி நடப்பது என்பதை நாமே தீர்மானிக்கலாம். நாட்டின் சில ஊர்களில் வர்த்தகர்கள் தாமாகவே முன்வந்து சிகரெட் விற்பதை நிறுத்திய செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருக்கின்றோம். அவர்களால் முடிந்தது எம்மாலும் முடியும்.

அடுத்த தேரன்று வடம் பிடிக்க வரும் முதியவரும், தாயின் தோளில் உறங்கும் குழந்தையும் அம்பாளின் வீதியில் நல்ல காற்றைச் சுவாசிக்கட்டும். அதற்கு வேண்டிய மனத்தை எமக்கு அருளுமாறு அன்னையின் திருவடிகளைப் பணிந்து வேண்டுகின்றேன்.